குறை சொன்னால் விசுவாசம் போய்விடுமா?

இரவுவானொலி

நம் பேண்டின் புது ஆல்பம் வந்த வாரத்தில் இந்த ரசிகர் தளத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். அவர் பெயரை நான் சொல்லவில்லை, அவருக்கும் அது பிடிக்காது. நம் பேண்டின் எல்லாப் பாட்டுக்கும் காதால் கேட்டு வரிகள் எழுதி வைத்தவர் என்றால் போதும், தெரிந்துவிடும்.

அவர் ஆல்பத்தைப் பற்றி மூன்று பத்தி எழுதினார். டிரம்ஸ் குரலை மூடுகிறது என்றார். பின்பாதிப் பாட்டுகளில் வரிகள் சோர்ந்துவிட்டன என்றார். நான்காவது பாட்டின் கிடார் இவர்கள் இதுவரை வாசித்ததிலேயே சிறந்தது என்றும் எழுதியிருந்தார். அதை மட்டும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. "பிடிக்கலைன்னா கிளம்பு" என்று முதல் பதில் வந்தது. அடுத்தது "எதிர் காம்ப்ல எவ்வளவு குடுத்தாங்க?" அப்புறம் ஒருவர் அவருடைய பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து, அப்போதே இவர் துரோகிதான் என்று வரிசையாகப் போட்டார். கடைசியாக, சின்னக் குழுவில் அவர் தனிப்பட்ட முறையில் பேசியது ஸ்கிரீன்ஷாட்டாக வெளியே போனது. அவர் விளக்கம் எதுவும் எழுதாமல் வெளியேறிவிட்டார். பாடல் வரிக் கோப்புகளை அழிக்கவும் இல்லை, பூட்டவும் இல்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்தே விட்டுப் போயிருக்கிறார்.

நாம் வாய் ஓயாமல் விசுவாசம் என்கிறோமே, அது யார் மேல்? பேண்ட் மேல் மட்டும்தானா, கூட நிற்கிற ஆள் மேலும் உண்டா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டின் மேலும் உண்டு. இரண்டும் மோதும்போது கூட நிற்கிற ஆள்தான் முதலில். மேடையில் இருப்பவர்களுக்கு நம் பெயர்கூடத் தெரியாது. மூன்று பத்தி விமர்சனத்தால் அவர்களுக்கு எதுவும் ஆகிவிடப் போவதில்லை. நாலு நாள் ஆளைக் காணோமே, என்ன ஆச்சு என்று நம்மைத் தேடுவது இங்கே இருப்பவர்கள்தான்.

மெட்டு

வானொலி, கேள்வி நியாயமானது. பழைய பதிவைத் தோண்டியதும் ஸ்கிரீன்ஷாட் போனதும் அசிங்கம், அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் முதல் வாரம் என்பது வேறு விஷயம். தரவரிசைகள் வாராவாரம் கணக்கிடப்படுகின்றன. முதல் வாரத்தில் எங்கே நுழைகிறதோ அதை வைத்துத்தான் செய்தி எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் நம் ஆளே "குரல் கேட்கவில்லை" என்று எழுதினால், எதிர்ப்பக்கம் அந்த ஒரு வரியை வெட்டி எடுத்து "அவங்க ரசிகர்களே சொல்றாங்க" என்று ஓட்டுவார்கள். ஓட்டவும் செய்தார்கள்.

மரியாதை இரண்டு பக்கமும் வேண்டும். ஆல்பத்துக்காகத் தூங்காமல் காத்திருந்தவர்கள், வந்ததும் சந்தோஷத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம். கருத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. ஒரு வாரம் பொறுத்திருக்கலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

பழையபக்கம்

மெட்டு சொல்லும் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் அது சலுகையாகக் கேட்க வேண்டியது, கட்டளையாக இல்லை. அன்றைக்கு அந்த இழையில் அப்படிக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970ல் ஒரு விஷயம் சொன்னார். ஓர் அமைப்பின் தரம் குறையும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சத்தமில்லாமல் கிளம்பிவிடுவது. இன்னொன்று, உள்ளே நின்றபடி குரல் எழுப்புவது. இரண்டாவதைச் செய்ய வைப்பது விசுவாசம் என்றார். பற்று இல்லாதவன் ஏன் உட்கார்ந்து மூன்று பத்தி எழுதப்போகிறான்? அடுத்த பேண்டுக்குப் போய்விடுவான். அக்கறை இருப்பவருக்குத்தான் குறை உறுத்தும், உறுத்துவதைச் சொல்லவும் தோன்றும். குரல் எழுப்புபவரை நாம் விரட்டினால் மிஞ்சுவது யார் என்று பாருங்கள். எல்லாம் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர். பிடிக்காததைச் சொல்லப் பயந்து உள்ளுக்குள் ஏற்கெனவே கிளம்பிவிட்டவர்கள் நிறையப் பேர்.

கால்பந்தில் இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. லண்டனின் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு இடம் மாற்ற 2002 மே மாதம் அனுமதி கிடைத்தது. கிளப் எங்கே போகிறதோ அங்கே போவதுதான் விசுவாசம் என்றால், ரசிகர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே போயிருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் போகவில்லை. அடுத்த சில வாரங்களிலேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்களை எடுக்க விம்பிள்டன் காமன் என்ற பொதுத்திடலில் தேர்வு நடத்தினார்கள். உயர்மட்டத்தில் ஆடிய கிளப்பின் ரசிகர்கள், அடுக்கடுக்காகக் கீழே இருந்த ஒரு சின்ன லீகின் ஆட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள். 2011ல் அந்தக் கிளப் இங்கிலாந்தின் தொழில்முறை அடுக்கான ஃபுட்பால் லீகுக்குள் நுழைந்தது. 2020ல், பழைய கிளப்பின் மைதானம் இருந்த பிளவ் லேன் பகுதிக்கே திரும்பி வந்துவிட்டது.

"கிளப்பைக் கைவிட்ட துரோகிகள்" என்று அவர்களையும் சொல்ல முடியும். அவர்கள் ஒருவரை ஒருவர் கைவிடவில்லை. அதனால்தான் கிளப் என்று ஒன்று மிஞ்சியது.

வெயில்நிறம்

பழையபக்கம், உதாரணம் நன்றாக இருக்கிறது, ஆனால் அளவு பொருந்தவில்லை. அங்கே நிர்வாகம் கிளப்பையே ஊரை விட்டுத் தூக்கிக்கொண்டு போனது. இங்கே ஓர் ஆல்பத்தில் டிரம்ஸ் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

பழையபக்கம்

அளவு வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் இன்னும் மோசம், இல்லையா? டிரம்ஸ் சத்தத்துக்கே ஓர் ஆளை இழக்கிறோம் என்றால், நாளைக்குப் பெரிதாக ஒன்று வரும்போது பேச யார் இருப்பார்கள்? பேண்டில் ஒருவர் நிஜமாகவே தவறு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்கிற தைரியம் அன்றைக்கு யாருக்கு வரும்?

சுருதி

ஸ்கிரீன்ஷாட் விஷயத்தை எல்லோரும் ஒரு வரியில் கடந்து போகிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்தச் சின்னக் குழுவில் நானும் இருந்தேன். வெளியே போன படத்தில் இருந்தது அவர் எழுதிய ஒரே ஒரு செய்தி. "இந்த ஆல்பத்தை என்னால் முழுசாகக் கேட்க முடியவில்லை." அதற்கு மேலே இருந்த செய்தியையும் கீழே இருந்ததையும் வெட்டிவிட்டார்கள். மேலே, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றும் மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பதாகவும் சொல்லியிருந்தார். கீழே, "வீட்டுக்குப் போனதும் முதல் வேலை இதுதான்" என்று எழுதியிருந்தார். நடுவில் இருந்த வரியை மட்டும் எடுத்தால் அது ஆல்பத்தின் மேல் வெறுப்பு. மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஆல்பத்தைக் கேட்க முடியாமல் தவிக்கிற ஆள்.

இதை வெளியே அனுப்பியவர் முழுசாகப் படித்துவிட்டுத்தான் வெட்டியிருக்கிறார். படிக்காமல் அவ்வளவு சரியாக வெட்ட முடியாது.

அன்றிலிருந்து அந்தக் குழுவில் பாட்டு லிங்க் மட்டும்தான் வருகிறது. யாரும் சொந்த விஷயம் பேசுவதில்லை. முன்னெல்லாம் தேர்வில் தோற்றவர், வேலை போனவர், தூக்கம் வராதவர் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். முகம் தெரியாதவர்களிடம் அப்படிப் பேச ஒரு நம்பிக்கை வேண்டும். அது உருவாக வருஷக்கணக்காகிறது. போக ஒரு படம் போதுமாக இருந்தது.

என் கருத்து இதுதான். விமர்சனம் செய்தவர் விசுவாசத்தை மீறவில்லை. உள்ளே சொன்னதை வெளியே கொண்டுபோனவர்தான் மீறினார். அவர் பேண்டின் மேல் எவ்வளவு வெறித்தனமாக இருந்தாலும் சரி.

நீலக்கதிர்

நான் இங்கே புதிது. இந்த ஆல்பம் வந்தபோதுதான் சேர்ந்தேன். அதனால் தயக்கத்தோடு எழுதுகிறேன்.

சேர்ந்ததும் என்னிடம் வந்த முதல் கேள்வி "எந்த ஆல்பத்திலிருந்து கேட்கிறீங்க?" புதிதாக ஒருவரிடம் பேச்சுக் கொடுக்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பதில் சொன்னேன். அடுத்து, முதல் ஆல்பத்தின் ஏழாவது பாட்டு எது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அப்புறம் நான் எதைச் சொன்னாலும் "ஏழாவது பாட்டே தெரியாதவங்க" என்று வந்தது. எனக்காக அங்கே ஒரே ஒருவர்தான் பேசினார். "அவங்களுக்கு இன்னும் அத்தனை நல்ல பாட்டு முதல் தடவையா கேட்கக் காத்திருக்கு, பொறாமையா இருக்கு" என்று எழுதி, எதிலிருந்து ஆரம்பித்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு வரிசையும் போட்டுக் கொடுத்தார். வரிகள் எழுதி வைத்தவர்தான் அவர். அவரைத்தான் உண்மையான ரசிகர் இல்லை என்று அனுப்பிவிட்டீர்கள்.

உளவியல் படித்தபோது ஹென்றி தாஜ்ஃபெல் செய்த ஒரு சோதனையைப் பற்றி வகுப்பில் சொன்னார்கள். பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களிடம் இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டினார். ஒருவர் கிளீ, மற்றவர் காண்டின்ஸ்கி. யாருடைய படம் பிடித்தது என்பதை வைத்து உன்னை இந்தக் குழுவில் சேர்த்திருக்கிறோம் என்று ஒவ்வொரு பையனிடமும் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் மற்றவர்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது தன் குழுக்காரனுக்கு அதிகம் கொடுத்தார்கள். தன் குழுவுக்கு மொத்தமாகக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்கிற போக்கும் தெரிந்தது. 1970ல் வெளிவந்த ஆய்வு அது.

அடுத்தவர் மேல் கோபப்படுவதற்குப் பெரிய காதல் எதுவும் தேவையில்லை என்று அதிலிருந்து எனக்குப் புரிந்தது. ஓர் ஓவியர் பெயரே போதுமாக இருந்திருக்கிறது. எதிர் காம்பை எவ்வளவு திட்டுகிறோம் என்பதை வைத்து விசுவாசத்தை அளந்தால், அந்தப் பையன்களும் கிளீயின் பரம ரசிகர்கள்தான்.

வெயில்நிறம்

நீலக்கதிர், தயங்காமல் எழுதுங்கள். ஏழாவது பாட்டு எனக்கும் தெரியாது, இப்போதுதான் போய்ப் பார்த்தேன்.

எதிர் காம்ப் பற்றிச் சொன்னீர்கள். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருக்கும் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நடந்த நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிர் போனது. லிவர்பூல் நகரத்தின் இன்னொரு கிளப் எவர்ட்டன், லிவர்பூல் கிளப்பின் பரம எதிரி. ஒரு வாரம் கழித்து இரண்டு கிளப்புகளின் அன்றைய மைதானங்களுக்கும் நடுவில் இருந்த ஸ்டான்லி பூங்கா வழியாக ரசிகர்கள் ஸ்கார்ஃபுகளை ஒன்றோடு ஒன்று முடிச்சுப்போட்டு நீளமாகக் கட்டினார்கள், சிவப்பும் நீலமும் கலந்து. நீதி கேட்டுப் பல வருஷம் நடந்த போராட்டத்திலும் எவர்ட்டன் ரசிகர்கள் கூட நின்றார்கள். மைதானத்தில் இன்றுவரை ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுப்பதில்லை. போட்டி அப்படியே இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது.

காவல்கோபுரம் (மாடரேட்டர்)

என் தரப்பிலிருந்து கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்த இழையைப் பூட்டிவிட்டிருக்கலாமே என்று நிறையப் பேர் கேட்டீர்கள். சண்டையான இழையைப் பூட்டினால் கடைசியாக எழுதியவர் ஜெயித்தது போல ஆகிவிடும். அன்று கடைசியாக இருந்தது ஒரு வசவு. அதனால் ஆளைத் தாக்கிய பதில்களை மட்டும் நீக்கினோம், ஆல்பத்தைப் பற்றிப் பேசியவை காரமாக இருந்தாலும் அப்படியே நிற்கின்றன. "இந்த விமர்சனம் அபத்தம்" என்பது இருக்கலாம். "நீ துரோகி" என்பது இருக்கக்கூடாது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவர் யாரென்று தெரிந்துவிட்டது, அவர் இப்போது இங்கே இல்லை. பெயரைக் கேட்க வேண்டாம். அவர் மேலும் கும்பலாகப் பாய்வதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்று, இங்கே நடக்கும் வேலை யாருடையது என்பது. பாடல் வரிகள் எப்படித் தயாராகின்றன என்று தெரியுமா? இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதுவார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. பாட்டை அரை வேகத்தில் ஓட்டி வரிவரியாக. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாத சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, கச்சேரிப் பதிவுகளில் தேடுவார்கள். மேடையில் வாயசைவு தெரியும் என்பதால் சில சொற்கள் அங்கேதான் பிடிபடும். ஒரு சொல்லுக்காக ஒரு மாதம் கேள்விக்குறி நின்றதும் உண்டு. இதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

ரசிகர்களின் உழைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன், ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான இணையக் காப்பகம். 2007ல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம் நூற்றுக்கணக்கான பக்கங்களைத் திடீரென்று முடக்கியது, அதில் ரசிகர்களின் எழுத்தும் போனது. அடுத்தவர் இடத்தில் வீடு கட்டினால் இப்படித்தான் என்று புரிந்து, ரசிகர்கள் தங்களுக்கே சொந்தமான ஒரு காப்பகத்தைக் கட்ட இறங்கினார்கள். நிரல் எழுதியது தன்னார்வலர்கள். சர்வர் செலவு நன்கொடை. கதைகளுக்கு ஆளாளுக்கு ஒரு விதமாகப் போடும் குறிச்சொற்களை உட்கார்ந்து இணைத்து ஒழுங்குபடுத்துவதற்கென்றே ஒரு தன்னார்வப் படை இருக்கிறது. அந்தக் காப்பகத்துக்கு 2019ல், அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருது கிடைத்தது. டப்ளினில் நடந்த விழாவில் மேடையேறிய நாவலாசிரியர் நவோமி நோவிக், இந்தச் சமூகத்தில் தானும் ஓர் ஆள் என்று நினைப்பவர்கள் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார். அரங்கு முழுக்க ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

அங்கே என்ன சண்டையே இல்லையா? எக்கச்சக்கம். ஒருவர் ஆசையாக எழுதுவது இன்னொருவருக்குச் சகிக்காது. பிடிக்காத குறிச்சொல் இருந்தால் திறக்காமல் போ, எழுதியவரைத் துரத்தாதே என்கிற பழக்கம் அவர்களிடையே இருப்பதால்தான் அத்தனை விதமான ஆட்களும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடிகிறது.

மெட்டு

முழுசும் படித்தேன். சுருதி சொன்ன விவரம் எனக்குத் தெரியாது. மனசு கனத்துவிட்டது.

முதல் வாரம் பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. கொண்டாடுபவர்களுக்கு ஓர் இடம், அலசுபவர்களுக்கு ஓர் இடம் என்று பிரித்தால் இந்த மோதல் பாதி குறையும். ஆல்பம் வரும் நாளிலேயே இரண்டு இழை திறந்துவிடலாம். கொண்டாட்ட இழைக்குள் குறை வேண்டாம், அலசல் இழைக்குள் "கிளம்பு" வேண்டாம். காவல்கோபுரம், முடியுமா?

காவல்கோபுரம் (மாடரேட்டர்)

முடியும். அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், இந்த ஆல்பத்துக்கே இப்போது திறக்கிறேன். அவருடைய விமர்சனத்தை அலசல் இழையின் முதல் பதிவாக வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அவர் அனுமதி இல்லாமல் செய்ய மாட்டேன். சுருதி, உங்களால் கேட்க முடியுமா?

சுருதி

கேட்கிறேன். ஒரு வேண்டுகோள். திரும்பி வாங்க, திரும்பி வாங்க என்று ஆளாளுக்கு அவருக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். முன்பு ஐம்பது பேர் கும்பலாகத் திட்டினார்கள், இப்போது ஐம்பது பேர் கும்பலாகக் கெஞ்சினால் அதுவும் அவருக்குச் சுமைதான். அவர் வீட்டில் இன்னும் நிலைமை சரியாகவில்லை. வர வேண்டுமென்றால் வழி தெரியும்.

நீலக்கதிர்

புது ஆல்பத்துக்கு வரிகள் பாதியில் நிற்கின்றன, ஆறாவது பாட்டுவரைதான் இருக்கிறது. யாராவது இரண்டாவது காதாக இருந்தால் மீதியை நான் எழுதுகிறேன். காவல்கோபுரம் சொன்ன மாதிரி தனித்தனியாகவே எழுதலாம்.

இரவுவானொலி

நான் வருகிறேன் நீலக்கதிர். ஏழாவது பாட்டிலிருந்து ஆரம்பிப்போம். கோப்பின் தலைப்பில் அவர் பெயர் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். நம் பெயர்கள் கீழே.

சுருதி

பதில் வந்துவிட்டது. விமர்சனத்தைப் போட்டுக்கொள்ளலாமாம். ஒரு திருத்தம் கேட்டிருக்கிறார். டிரம்ஸ் பற்றி எழுதியதை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டு எழுதவில்லை, ஹெட்போனில் கேட்டுத்தான் எழுதினேன் என்று சேர்க்கச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மெட்டு

அப்படியென்றால் அலசல் இழையில் முதல் பதிலை நான்தான் போடப்போகிறேன். நேற்று ராத்திரி ஹெட்போனில் மறுபடி கேட்டேன். இரண்டாவது பாட்டில் பல்லவி வரும்போது டிரம்ஸ் குரலை நிஜமாகவே அமுக்குகிறது, மூன்றாவதிலும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் ஐந்தாவது பாட்டில் அது வேண்டுமென்றே செய்தது. குரல் உள்ளே போய்ப் போய் வெளியே வருவதில்தான் அந்தப் பாட்டே நிற்கிறது. பின்பாதி வரிகள் சோர்ந்துவிட்டன என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன், எட்டாவது பாட்டை வைத்து வரிவரியாக எழுதுகிறேன். அவர் படித்துவிட்டு மறுத்தால் இன்னும் நல்லது.